மீன் குழம்பில் கொஞ்சம் சைவம்

போன ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் ஒரு கல்யாணம் பேச்சிலேயே நின்றுபோகப் பார்த்தது. காரணம்… என் மொட்டைமாடியில் முளைத்த ஒரு கைப்பிடிப் புல்.

பதறாதீர்கள். நிற்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் என் உள்ளங்கை வியர்த்துப் போனது நிஜம்.

முதலில் புல் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சமையல் வீடியோ பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். (சமைக்கிற பழக்கம் அந்த அளவுக்கு இல்லை என்பதும் தெரியும்.) மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், ஒரு வீடியோவில் வெள்ளைக்காரம்மா ஒருத்தர் வேகவைத்த உருளைக்கிழங்கைப் பிளந்து, வெண்ணெய் வைத்து, மேலே பச்சையாக எதையோ பொடிப்பொடியாக நறுக்கித் தூவினார். எதால் நறுக்கினார்? கத்தரிக்கோலால்! கீரையைக் கத்தரிக்கோலால் வெட்டுகிற மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை.

தேடினேன். சைவ்ஸ் என்று பெயர். வெங்காயக் குடும்பத்துக் கடைக்குட்டி. கிழங்கு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, தாள்தான் எல்லாம். ஊசி மாதிரி மெலிசாக, உள்ளே குழலாக இருக்கும். வெங்காய வாசனை உண்டு, உரிக்கிற வேலை இல்லை, அழுகிற வேலை அறவே இல்லை.

விடுவேனா? விதை வாங்கிவிட்டேன்.

முதல் பாக்கெட் முளைக்கவே இல்லை. எள்ளை விடக் கறுப்பாக, பொடியாக இருந்த விதைகளைத் தூவி, தினமும் தண்ணீர் தெளித்து, தினமும் குனிந்து பார்த்து… முதுகு வலிதான் முளைத்தது. விதை பழசாம். சைவ்ஸ் விதைக்கு ஆயுள் கம்மி, புதுசாக வாங்கி உடனே போட வேண்டும். இதை எனக்கு விற்றவர் சொல்லவில்லை. மொட்டையாக நின்ற தொட்டி சொன்னது.

இரண்டாவது பாக்கெட் காப்பாற்றியது. பச்சை நூலைத் துண்டு துண்டாக வெட்டிக் குத்தி வைத்தது போல மண்ணில் எட்டிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, வெகு நேரம் பார்த்தார்.

"இதுக்கா கூரியர் சார்ஜ் வேற குடுத்த?"

அவரை விடுங்கள். ராயபுரம் மாடியில் செடி வளர்க்கிற கஷ்டம் வளர்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். கடல் காற்று உப்பைக் கொண்டுவரும். ஹார்பர் பக்கத்துக் காற்று கறுப்புத் தூசியைக் கொண்டுவரும். மத்தியான வெயில் எதையும் கொண்டுவராது, இருக்கிறதையும் எடுத்துக்கொண்டு போய்விடும். தொட்டியைத் தண்ணீர் டேங்க்கின் நிழலுக்கு நகர்த்தினேன். காலை வெயில் மட்டும் படுகிற இடம். புல் கொஞ்சம் நிமிர்ந்தது.

அப்போதுதான் தேசம்மா மாடிக்கு வந்தாள்.

தேசம்மா எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவள். காசிமேட்டில் விடிவதற்குள் ஏலம் எடுத்து, கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். அவள் குரல் கொடுத்தால் அடுத்த தெருவில் கதவு திறக்கும். அன்று என் கதவு மட்டும் திறக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு ஏறி வந்துவிட்டாள்.

"இன்னாக்கா, கூவிகினே கீறேன்… இங்க குந்திகினு இன்னா பண்ற?" தொட்டியைப் பார்த்தாள். "புல்லு வளக்குறியா? ஆடு கீடு வாங்கப் போறியா?"

"புல் இல்ல தேசம்மா. சைவ்ஸ்."

"சைவமா?"

"சைவ்ஸ்."

"அத்தான் நானும் சொல்றேன். சைவம்."

இன்னும் இரண்டு தடவை திருத்திப் பார்த்தேன். இரண்டு தடவையும் அதே பதில். விட்டுவிட்டேன். அவள் ஒரு தாளைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். புருவம் மேலே போனது.

"யக்கா! வெங்காயம்க்கா இது! ஷோக்கா கீது! அத்த இன்னாத்துக்கு இப்டி நோஞ்சானா வுட்டு வச்சிகீற? மீன்காரி தோஸ்தா கீறப்ப செடி இப்டி நிக்கலாமா?"

மறுநாள் ஒரு கவர் நிறைய மீன் குடலும் செதிலும் வந்தன. மாடித்தோட்டக்காரர்களுக்கு இது தெரிந்த வித்தைதான். மீன் கழிவையும் நாட்டு வெல்லத்தையும் சரிக்குச் சரி போட்டு, டப்பாவில் மூடி வைத்து, சில வாரம் கழித்து வடித்தெடுத்து, தண்ணீரில் சில சொட்டு விட்டுச் செடிக்கு ஊற்ற வேண்டும். பக்குவம் வந்தால் பழ வாசனை வரும் என்று சொல்லியிருந்தார்கள். பக்குவம் வருகிற வரைக்கும் என்ன வாசனை வரும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை! அந்த வாரங்களில் என் வீட்டுக்காரர் மாடிப்படி பக்கமே திரும்பவில்லை. மாடியில் காய்ந்த வேட்டியைக் கூட எடுக்காமல், வேறு வேட்டி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆனால் புல்? அது புல்லாகவே இல்லை. புதராகிவிட்டது.

மழை தொடங்கியதும் அடுத்த கவலை. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அதற்கும் தேசம்மாதான். துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போடுகிற தெர்மாகோல் பெட்டிகளில் விளிம்பு உடைந்ததாகப் பார்த்துப் பொறுக்கி வந்தாள். அடியில் கம்பியால் ஓட்டை போட்டு, மண்ணை நிரப்பி, செடியை மாற்றினோம். தண்ணீர் நிற்கவில்லை. மழை விட்டு வெயில் வந்தபோதும் உள்ளே மண் சூடேறவில்லை. மீனைக் காப்பாற்றுகிற பெட்டி செடியைக் காப்பாற்றாதா என்ன?

ஒரு புதரைப் பிரித்து அவளுக்கும் கொடுத்தேன். பின்னல் போட முடியைப் பிரிக்கிற மாதிரி வேரோடு மெல்லப் பிரித்தால் போதும், ஒன்று நான்காகும். காசிமேட்டில் அவள் குடியிருக்கும் ஹவுசிங் போர்டு கட்டடத்தின் மாடியிலும் ஒரு தெர்மாகோல் பெட்டி பச்சையானது.

கொஞ்ச நாளில் அவள் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் நண்டு ஆம்லெட் வந்தது. மேலே பொடிப்பொடியாகப் பச்சை. ஒரு வாய் வைத்தேன்… வெள்ளைக்காரம்மா உருளைக்கிழங்கை எல்லாம் மறந்துவிட்டேன். இந்தத் தாளைக் கொதிக்க விடக்கூடாது. அடுப்பை அணைத்த பிறகு தூவ வேண்டும். இல்லாவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். தேசம்மா அதை முதல் தடவையிலேயே பிடித்துவிட்டாள். நான் ரசத்தில் கொதிக்கவிட்டுக் கெடுத்தவள்.

அதன் பிறகு எங்கள் இரண்டு வீட்டிலும் பேச்சே மாறிவிட்டது. "மோர்ல கொஞ்சம் சைவம் போடேன்" என்பார் என் வீட்டுக்காரர். (வாசனை விஷயத்தில் அவர் சமாதானமாகிவிட்டார்.) "நேத்து எறா தொக்குல சைவம் ஜாஸ்தியாப் பூட்ச்சிக்கா" என்பாள் தேசம்மா. சொல்கிறவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் அதில் ஒரு விசேஷமும் தெரியவில்லை. பழகிவிட்டால் காது எதையும் கேள்வி கேட்காது, இல்லையா?

வந்தது வினை.

தேசம்மாவின் மகள் மோனிஷா. கெமிஸ்ட்ரி படித்தவள். மீஞ்சூர் பக்கம் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையில், தண்ணீரைச் சோதித்துப் பார்க்கிற லேபில் வேலை. அதே லேபில் ஜெபசிங் என்று ஒரு பையன். இருவரும் தினமும் தண்ணீரையும் உப்பையும் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், தாங்கள் மட்டும் பிரிவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டார்கள்.

பையனின் அப்பா செல்லத்துரை அண்ணாச்சி. திருச்செந்தூர் பக்கத்துக்காரர். தண்டையார்பேட்டையில் வெங்காய மொத்த வியாபாரம். அம்மா கிரேஸ். ஞாயிறு தவறாமல் சர்ச். இந்தப் பக்கம் தேசம்மா, ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் தெருவிலேயே முதல் ஆள். அவள் புருஷன் வீரா, விசைப்படகு ஓட்டுகிறவர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவார். அதையும் யோசித்துத்தான் பேசுவார்.

இரண்டு வீட்டிலும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் மாதக் கணக்கில் கெஞ்சின பிறகு அண்ணாச்சி ஒரு வார்த்தை விட்டார் — "ஞாயித்துக்கிழமை போய்ப் பாப்போம்." வீராவும் ஒரு வார்த்தை விட்டார் — "வரட்டும்."

அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

தேசம்மா என்னிடம் ஓடி வந்தாள். "யக்கா, அவங்க வந்து நம்ம வூட்ல கை நனைச்சிட்டாப் போதும், பாதி கல்யாணம் முடிஞ்சா மாதிரி. நீ வந்து பக்கத்துல குந்திக்கோ. எனக்குப் பெரிய மனுசங்க கைல பேச வராது. நீ புக்குல எய்தற ஆளு."

போனேன். சும்மா போகவில்லை. என் மாடியிலிருந்த பெட்டி எல்லாவற்றையும் அறுவடை செய்து கொண்டுபோனேன். இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டினால் திரும்பத் தழைத்துவிடும் என்று தெரியும். ஆனாலும் மொட்டையடித்த பெட்டிகளைப் பார்க்க மனசு சங்கடப்பட்டது. ஈரத்துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

அங்கே சமையல் மணம் படிக்கட்டிலேயே வரவேற்றது. வீராவே ஏலத்தில் நின்று பார்த்து எடுத்த மீன். வஞ்சிரம் வறுவலுக்கு மசாலா தடவி இருந்தது. சுறாப்புட்டு உதிரியாக இறங்கியிருந்தது. இறால் தொக்கு, நண்டு மசாலா, மண்சட்டியில் மீன் குழம்பு. நான் தாளைக் கழுவிக் கழுவிக் கொடுக்க, மோனிஷா கத்தரிக்கோலால் பொடியாக்கி எல்லாவற்றின் மேலும் தூவினாள். பச்சையும் சிவப்பும்… பார்க்கவே கல்யாண வீடு மாதிரி இருந்தது.

அப்போது போன் வந்தது. கிரேஸ் அம்மா. தேசம்மாவின் இரண்டு கையிலும் மசாலா. ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"சர்ச்ல இருந்து கெளம்பப் போறோம்மா. ரொம்பச் செரமப்படாதீங்க என்ன… சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க?"

தேசம்மாவுக்குப் பெருமை பொங்கியது. "செரமம் இன்னாம்மா? இன்னிக்கு எல்லாமே சைவம்தான்!"

"சைவமாம்மா?"

"ஆமாம்மா! அக்கா வூட்டு மாடில வெளைஞ்ச சைவம். பொட்டி பொட்டியா அறுத்துகினு வந்துகீறாங்க. அல்லாத்துலயும் அள்ளிப் போட்டுகீறோம்!"

"அப்படியா… சரிம்மா… நல்லதும்மா."

போன் வைக்கப்பட்டது. "எவ்ளோ மரியாதையாப் பேசறாங்க பாரு" என்று தேசம்மா நெகிழ்ந்தாள். நானும் தலையை ஆட்டினேன். ஆமாம்… நானும்தான்! தமிழில் எழுதிப் பிழைக்கிறவள், பக்கத்திலேயே நின்றேன், என் காதில் ஒன்றும் உறைக்கவில்லை.

காத்திருந்தோம்.

தண்டையார்பேட்டையிலிருந்து காசிமேட்டுக்கு எவ்வளவு தூரம்? நடந்தே வந்திருக்கலாம். "கிளம்பிட்டோம்" என்று ஜெபசிங்கிடமிருந்து மெசேஜ் வந்தது. வெகு நேரம் கழித்து "வந்துட்டே இருக்கோம்". பிறகு அதுவும் இல்லை. மோனிஷா போன் போட்டாள், எடுக்கவில்லை. இரண்டாவது தடவை போடக் கையை எடுத்தவள், வைத்துவிட்டாள். வறுவல் ஆறத் தொடங்கியது. வீரா புதுச் சட்டையின் மடிப்பு கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

தேசம்மா வராந்தாவுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். நடுவில் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மோந்து பார்த்தாள். மறுபடி எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தாள்.

"யக்கா… மீன்காரி வூடுன்னு யோசிச்சிட்டாங்களா?"

தெருவையே எழுப்புகிற அந்தக் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "டிராஃபிக்கா இருக்கும் தேசம்மா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன டிராஃபிக்? என் பொய் எனக்கே அசடு வழிந்தது.

ஒரு வழியாகக் கார் வந்தது.

அண்ணாச்சி ஆள் பெரிய உருவம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வணக்கம் சொன்னார், உட்கார்ந்தார், நெற்றியைத் துடைத்தார். கிரேஸ் அம்மா பட்டுச்சேலையில், மடியில் பழத்தட்டோடு. ஜெபசிங் யார் கண்ணையும் பார்க்கவில்லை. முக்கியமாக மோனிஷாவின் கண்ணை.

"ஜூஸ் குடிக்கிறீங்களா?" என்றாள் தேசம்மா.

"வேண்டாம்மா" என்றார் அண்ணாச்சி அவசரமாக.

"எலை போட்றலாமா?"

அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார். கிரேஸ் அம்மா, "லேசா ஏதாவது போதும்மா… கொஞ்சம் மோர் சோறு இருந்தாக்கூடப் போதும்" என்றார்.

தேசம்மாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியது அப்போதுதான். கை நனைக்க யோசிக்கிறார்கள் — வேறு என்ன அர்த்தம்? வீரா தரையைப் பார்த்தார். ஆனாலும் எழுந்து போய் அவரே இலையை எடுத்துவந்து விரித்தார். மரியாதையை நாம் குறைக்கக்கூடாது என்பது போல.

உட்கார்ந்தார்கள். சோறு வந்தது. பின்னாலேயே தேசம்மா நண்டு மசாலாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

அண்ணாச்சி பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"இது… நண்டுல்லா?"

"ஆமாங்கய்யா."

இறால் வந்தது. வஞ்சிரம் வந்தது. அண்ணாச்சியின் கண் ஒவ்வொன்றாக நகர்ந்தது. ஒரு மாதிரி வலியோடு நிமிர்ந்தார்.

"ஏம்மா… எல்லாம் சைவம்னு சொன்னீங்களாம்லா?"

"ஆமாங்கய்யா, போட்டுகீதே! இத பாருங்க…" தேசம்மா நண்டின் மேலிருந்த பச்சையைச் சுட்டிக் காட்டினாள். "இத்தான் சைவம்!"

முதலில் மோனிஷாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிக்கிறாள்! வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அடுத்த நொடி எனக்கும் மண்டையில் மணி அடித்தது. எழுந்து நின்று, சைவ்ஸ், விதை பாக்கெட், வெள்ளைக்காரம்மா என்று நான் உளறிக் கொட்டியதைக் கேட்டால் எனக்குப் பத்தி எழுத இடம் கொடுத்த ஆசிரியர் வருத்தப்படுவார்.

"அப்ப நாங்க வர லேட்டானது…" ஜெபசிங் தொண்டையைச் செருமினான். "ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. சைவம்னு சொன்னதும் அப்பாவுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒரு வாரமா கடையில எல்லார்கிட்டயும் காசிமேட்டு மீன் சாப்பிடப் போறேன்னு சொல்லிட்டு இருந்தார். அதான்… வர்ற வழியில ஒரு ஓட்டல்ல…"

"சாப்டு வந்துட்டீங்களா?" என்றாள் தேசம்மா.

"மீன் சாப்பாடு" என்றார் கிரேஸ் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு. "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஞாயித்துக்கிழமை, மீன்காரங்க வீட்டுல நமக்கு சைவம்னா என்ன அர்த்தம்… நம்மள ஒட்ட வேண்டாம்னு சொல்றாங்களோன்னு இவுக சங்கடப்பட்டுட்டாக."

பாருங்கள்! அவர்கள் அங்கே சங்கடப்பட்டிருக்கிறார்கள். இவர்கள் இங்கே சங்கடப்பட்டிருக்கிறார்கள். நடுவில் என் புல்.

அப்போது வீரா பேசினார். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான்.

"மீன் நல்லா இருந்துச்சா?"

அண்ணாச்சி யோசித்தார். உண்மை பேசுகிற மனுஷர். "சுமார்தான்" என்றார்.

வீடே வெடித்துச் சிரித்தது. வீராவும் சிரித்தார். அண்ணாச்சியின் தொப்பை குலுங்கி இலை நகர்ந்தது. தேசம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எது எது என்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எலைய எடுத்திராதீங்க" என்றார் அண்ணாச்சி. "எடம்தான் இல்ல, மனசு இருக்கு. கொஞ்ச நேரம் நடந்துட்டு வந்து உக்காருதேன். அந்தச் செடி எங்க இருக்கு? காட்டுங்க."

மாடிக்குப் போனோம். தை மாசத்து வெயில் இதமாக இருந்தது. கீழே துறைமுகம். ஞாயிறு என்பதால் வரிசை வரிசையாகக் கட்டிக் கிடந்த படகுகள், தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்கள். அண்ணாச்சி தெர்மாகோல் பெட்டியின் முன்னால் சிரமப்பட்டுக் குந்தி, மிச்சமிருந்த ஒரு தாளைக் கிள்ளி, விரலில் கசக்கி மோந்தார்.

"வெங்காயம்தான்! இத்தன வருசமா வெங்காயத்துலயே பொழைக்கேன், இப்படி ஊசியா ஒண்ணு இருக்கிறது எனக்கே தெரியல பாத்துக்கிடுங்க."

வீரா பக்கத்தில் குந்தினார். எந்தப் படகு தன்னுடையது என்று காட்டினார். அண்ணாச்சி கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"பொறந்தது கடக்கரை, பொழைக்கிறது கடக்கரை… ஒரு நாள் படகுல ஏறுனதில்ல."

"வாங்க. இட்டுகினு போறேன்."

"வாந்தி வருமா?"

"வரும்."

"சரி, வாரேன்."

கல்யாணம் நிச்சயமானது அந்த இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பக்கம் டேங்க் நிழலில் அம்மாக்கள் இருவரும். யாரும் வாய் திறக்காமல் மூடி வைத்திருந்த விஷயத்தைக் கிரேஸ் அம்மா திறந்தார். கல்யாணம் சர்ச்சிலா, கோயிலிலா?

"எங்க சபையில நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கம்மா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"எங்க தெருவுல நாப்பது பேர் பேசுவாங்க சம்பந்தி. நானே மத்தவங்க வூட்டுக் கல்யாணத்தப் பத்தி இன்னான்னா பேசிகீறேன் தெரியுமா?"

கிரேஸ் அம்மா சிரித்துவிட்டார். சம்பந்தி என்று கூப்பிட்டதற்கு மறுப்பும் சொல்லவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம், சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு என்று அங்கேயே முடிவானது. மிச்சத்தைத் தேசம்மா முடித்து வைத்தாள்.

"உங்க சாமி கைல நீங்க சொல்லிடுங்க. எங்க அம்மன் கைல நான் சொல்லிக்கிறேன். அவங்க ரெண்டு பேரும் ஒத்துப்பாங்க. மனுசங்கதான் பேஜாரு."

சற்றுத் தள்ளி மோனிஷா ஜெபசிங்கைத் திட்டிக்கொண்டிருந்தாள். போனை ஏன் எடுக்கவில்லை என்று. அவன் ஆனந்தமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

நான் யோசித்துப் பார்த்தேன். அவர்கள் நேரத்துக்கு வந்து, இலை போட்டு, சாப்பாடு நடந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள்? "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" "போதும், போதும்." முடிந்தது. கை கழுவி, வெற்றிலை போட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பியிருப்பார்கள். நம் வீட்டு விருந்துகளில் நாம் பேசுவதே இல்லை, கவனித்தீர்களா? ஊட்டுகிறோம். வயிறு நிறைந்தவர்களை உட்காரவைத்து, பரிமாற ஒன்றும் இல்லாமல் தவிக்கும்போதுதான் வேறு வழியில்லாமல் மனசைப் பரிமாற வேண்டியிருக்கிறது.

பொழுது சாயத் தொடங்கியபோது மறுபடி இலை முன்னால் உட்கார்ந்தார்கள். தேசம்மா எல்லாவற்றையும் சுடவைத்தாள், வஞ்சிரத்தைப் புதிதாக வறுத்தாள். அண்ணாச்சி நண்டை உடைத்து உறிஞ்சிய வேகத்தைப் பார்த்தால், மத்தியானம் ஓட்டலுக்குப் போனது வேறு யாரோ என்றுதான் சொல்வீர்கள். சுறாப்புட்டை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். கிரேஸ் அம்மா மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் திறக்கவில்லை. வீரா பரிமாறிக்கொண்டே இருந்தார். பேசிக்கொண்டும் இருந்தார்! வஞ்சிரம், கானாங்கெளுத்தி, எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும்… அவருக்கு இவ்வளவு பேச்சு வரும் என்று தேசம்மாவுக்கே அன்றுதான் தெரிந்ததாம்.

வைகாசியில் கல்யாணம். கிளம்பும்போது கிரேஸ் அம்மா மடியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. அதில் ஒரு கொத்துச் செடி. தண்டையார்பேட்டை வெயிலில் பிழைக்குமா என்று கேட்டார். காலை வெயில் மட்டும் காட்டுங்கள், தண்ணீர் தேங்க விடாதீர்கள், கஞ்சத்தனம் இல்லாமல் அடிக்கடி வெட்டுங்கள் என்றேன். வெட்ட வெட்டத்தான் அது வளரும்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் வாசலில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று வந்து நின்றது. இறக்கி வைத்தது ஒரு மூட்டை சின்ன வெங்காயம். அண்ணாச்சி அனுப்பியது. மூட்டை என்றால் நிஜ மூட்டை, இரண்டு ஆள் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். பேசாமல் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் ராயபுரம் பக்கம் வருகிற மாதிரி இருந்தால் கட்டாயம் வீட்டுக்கு வாருங்கள்… பெரிய பையாக ஒன்று எடுத்துக்கொண்டு.